ஓடையும் நியாயமும்

பாழ்பட்டதைத் திருத்துவது நற்செயல் என்பதில் எவருக்கும் ஐயம் இருப்பதில்லை. ஐயம் இல்லாத இடத்தில் ஆராய்ச்சியும் நிகழ்வதில்லை. திருத்தும் வேலையின் சுமையை யார் ஏற்கிறார்கள், அதன் பயன் யாரைச் சேர்கிறது, அவ்வேலையை நடத்துபவர் எந்த உரிமையில் பிறரை ஏவுகிறார் என்ற கேள்விகள் நற்செயல் என்னும் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. இலங்கையின் மலையகத்தில், நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தேயிலை மலைகளூடே இறங்கும் ஓடைகளைச் சீர்செய்து, மீனும் நண்டும் இறாலும் மீண்டும் வாழ வழிசெய்யும் பணியை முன்வைத்து இக்கேள்விகளை ஆராய விரும்புகிறோம். விடயம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஓடைக்கரையில் குடியிருக்கும் மக்களுக்கு அது சிறிதன்று.

முதலில் அப்பணி எத்தகையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு தலைவரின் கீழ் பத்துப் பன்னிரண்டு பேர் இயங்குவர். நீர் குறைந்த மாதங்களில் ஓடையில் இறங்கிச் சரிந்த கரைகளைக் கல்லாலும் மரக்கொம்பாலும் நிலைப்படுத்துவர். ஓட்டத்தின் வேகத்தைத் தணிக்கப் பாறையும் மரத்துண்டும் இட்டு மடுக்களை உண்டாக்குவர். கரையோரத்தில் அவ்விடத்துக்கே உரிய மரஞ்செடிகளை நட்டு நீருக்கு நிழல் தருவர். பாதைகளின் அடியில் செல்லும் மதகுகளை மீன் ஏறத்தக்கவாறு மாற்றுவர். இவ்வளவும் எதற்காக? ஓடையின் அடியில் கிடக்கும் பரற்கற்களுக்கு இடையே நீர் புகுந்தோடினால்தான் அங்கே இடப்பட்ட முட்டைகளுக்கு உயிர்வளி கிடைக்கும். மேலிருந்து வரும் மண் அந்த இடைவெளிகளை அடைத்துவிட்டால் முட்டை அழியும். கல்லின் கீழ் வாழும் பூச்சிகள் அழியும். அவற்றைத் தின்னும் மீனும் அழியும். மலை ஓடையின் முதற்பகை மண். அதன் பின்னரே நஞ்சும் கழிவும் வருகின்றன.

இந்த மண் எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலைநாட்டின் காடு ஏக்கர் 5 சிலிங் விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் நாட்டை ஆண்ட அதிகாரிகளும் இருந்தனர். கோப்பிக்காகக் காடு எரிக்கப்பட்டது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கிய பின், அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867இல். நீரின் அளவும் மண்ணின் கதியும் கெடுவதை ஆட்சியாளர் அறியாமல் இருக்கவில்லை. கியூ தாவரவியற் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனையின்பேரில், 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பது தடுக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே விற்றுத் தீர்ந்த சரிவுகளை அத்தடை காக்கவில்லை. களை ஒன்றும் தலைகாட்டாதபடி மண்ணைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மழை பெய்யும்போதெல்லாம் மேல்மண் கானில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, ஆற்றுக்குப் போயிற்று. சுதந்திர நாட்டின் அரசு மண் பாதுகாப்புச் சட்டத்தை 1951இல் இயற்றியது. அதன் பின்னும் மண் நின்றபாடில்லை. மகாவலியில் 1976இல் முடிக்கப்பட்ட பொல்கொல்லைத் தேக்கம் வெகு விரைவில் வண்டலால் பெருமளவு தூர்ந்ததே அதற்குச் சான்று.

ஆகவே ஓடையைக் கெடுத்த முதற்காரணம், மலையை வெறும் இலாபக் கருவியாகக் கண்ட ஒரு பொருளாதார அமைப்பு. மண்ணைச் சுரண்டிய கை தொழிலாளியின் கை என்பது உண்மைதான். சுரண்டு என்று சொன்ன வாய் அவனுடையதன்று. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஓடையைப் பற்றி நியாயம் பேச இயலாது.

இங்கே நம் நண்பர்கள் சிலர் ஒரு தடையை எழுப்பக்கூடும். மலையகத்தில் மீனைப் பற்றிய கவலை வெள்ளைத் துரையின் பொழுதுபோக்கிலிருந்து பிறந்ததல்லவா என்பர். இதில் உண்மை உண்டு. 1880களில் டிரௌட் மீனின் முட்டைகளைக் கப்பலேற்றி வந்து நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் வளர்க்க முயன்றவர்கள் தோட்டத் துரைமார்களே. இலங்கை மீன்பிடிக் கழகம் என்ற அமைப்பும் 1896இல் தோன்றியது. தூண்டிலிடும் துரைக்காக நீரைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறை, அதே ஓடையில் நீர் மொண்டு குடித்த கூலிக்காகத் தோன்றவில்லை. அன்று 'மீன் வாழ்விடம்' என்று பேசப்பட்டது அன்னிய மீனுக்கும் அன்னிய மனிதனுக்கும் உரியதாகவே இருந்தது.

ஆயினும் இதனால் மீனே துரையின் சொத்து என்று முடிவுசெய்வது தவறு. இத்தீவின் நன்னீர் நண்டுகள் ஏறத்தாழ 50 இனங்கள். அநேகமாக அவை யாவும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் பல அழிவின் விளிம்பில் நிற்கின்றன. ஹோட்டன் சமவெளியின் நீரோடைகளில் மட்டுமே வாழும் இறால் இனம் ஒன்று உண்டு. இவ்வுயிர்களை எந்தத் துரையும் கப்பலேற்றிக் கொண்டு வரவில்லை. துரை வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே அவை இங்கு இருந்தன. அன்றியும், நண்டு வாழ இயலாத நீரை லயத்துக் குழந்தை குடிக்கிறது. கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனியாகிக் கொழும்பு நகரின் தாகம் தீர்க்கின்றன. நானு ஓயா கொத்மலை ஓயாவோடு கலந்து மகாவலியை அடைகிறது. ஓடையின் உடல்நலம் பற்றி முதலில் சாட்சி சொல்வன அதன் சிற்றுயிர்களே. ஆதலால் ஓடையைச் சீர்செய்ய வேண்டுமா என்பதில் நமக்குத் தயக்கமில்லை. எவ்வாறு, யாரால், எந்த வரிசையில் என்பவையே கேள்விகள்.

குழுவை நடத்துபவரிடமிருந்து தொடங்குவோம். மலையகத்தில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வேலை வாங்குதல் என்பது வரலாறு இல்லாத வெறுஞ்செயல் அன்று. அதற்குக் கங்காணி என்று பெயர். தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டி வந்தவன் பெரிய கங்காணி. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குக் காசு கிடைத்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, அக்கடனைச் செலுத்தும் வேறொரு தோட்டத்துக்கு ஆளைக் கைமாற்றும் கருவியாயிற்று. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சீட்டு ஒழிந்தாலும் பழக்கம் ஒழியவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நிற்பது, யாரோ ஒருவர் பேர் போடக் காத்திருப்பது, காரணம் கேளாமல் சொன்ன மலைக்குப் போவது ஆகியவை தலைமுறைகளின் உடலில் ஊறிவிட்டன.

இத்தகைய இடத்துக்கு ஓடை திருத்தும் குழுவின் தலைவர் வருகிறார். அவர் பெரும்பாலும் படித்த இளைஞர். உள்ளத்தில் நல்லெண்ணம் நிறைந்திருக்கலாம். ஆனால் கல்லை இங்கே வை, கரையை அங்கே வெட்டு என்று அவர் சொல்லும்போது, எதிரே நிற்பவர் காதில் விழுவது பழைய குரலே. கீழ்ப்படிதல் உடனே கிடைத்துவிடுகிறது. அது தம் அறிவுக்குக் கிடைத்த மதிப்பு என்று அவர் எண்ணினால் ஏமாந்தவர் ஆவார். அது நூற்றைம்பது ஆண்டு அச்சத்தின் மிச்சம். அந்த அச்சத்தை முதலாக இட்டு நடத்தும் நற்பணி, ஓடைக்கு ஒரு நன்மையைச் செய்து மனிதனுக்கு ஒரு தீமையைத் தொடர்கிறது.

தலைமையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஓடும் நீரில் பாறையைப் புரட்டும் வேலையில் ஒருவர் சொல்லைப் பிறர் கேட்டே ஆகவேண்டும். இல்லையேல் கால் நசுங்கும். மீன் முட்டையிடும் காலத்தில் நீரில் இறங்கக் கூடாது என்பது எவருடைய விருப்பத்தையும் பொறுத்ததன்று. இத்தகைய கட்டளைகள் வேலையின் இயல்பிலிருந்தே பிறப்பவை. அவற்றுக்குக் காரணம் சொல்ல முடியும். கேட்பவர் காரணத்தை உணர்ந்த பின், அடுத்த முறை தாமே அதைச் சொல்வார். கங்காணியின் கட்டளைக்கு இந்தத் தன்மை இல்லை. காரணம் கூறத்தக்கதும், கற்பவரிடம் கைமாறத்தக்கதுமான அதிகாரம் ஒன்று. கூறாமலும் கைவிடாமலும் இருப்பதால் மட்டுமே நிலைப்பது மற்றொன்று. முன்னதற்கு உட்படுவதில் இழிவில்லை. ஒரு பருவ வேலை முடிந்தபின் குழுவிலிருந்து இன்னொரு தலைவர் உருவாகியிருக்கிறாரா என்பதே, நடந்தது எவ்வகைத் தலைமை என்பதைக் காட்டிவிடும்.

அடுத்தது கூலி. ஓடையைத் திருத்தும் வேலைகள் சிரமதானமாக நடப்பதை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிவர். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவரோடு கனதொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குச் சென்று தொடங்கிய பணியிலிருந்து அச்சொல் நாடெங்கும் பரவியது. மாணவர் தம் விடுமுறை நாளை ஈவது தானம்தான். ஆனால் தானம் என்பது மறுக்க உரிமையுள்ளவன் கொடுப்பது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தவர்கள், 2024இல்தான் 1,350 ரூபாயை எட்டியவர்கள், கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேருக்கு அஞ்சுபவர்கள் தோட்டத் தொழிலாளர். அவர்களை ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கு அழைத்துக் கூலியின்றி வேலை வாங்குவது, பெயர் எதுவாயினும், பழைய பழக்கத்தின் புதிய தோற்றமே. நீரால் பயன்பெறும் நகரமும் மின்னிலையமும் கம்பெனியும் அவ்வேலைக்குக் கூலி கொடுக்கக் கடமைப்பட்டுள்ளன.

இனி, எல்லாவற்றிலும் கடினமான கேள்விக்கு வருவோம். ஓடையின் இரு கரையிலும் ஓர் அகலத்துக்கு மரமும் செடியும் அடர்ந்திருக்க வேண்டும் என்பது இவ்வேலையின் அடிப்படை விதி. நீரோடைக் கரைகளை ஒதுக்கீடாகக் காக்கும் அதிகாரத்தை 1947ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டமே அரசுக்கு வழங்கியது. ஆனால் அந்தக் கரையில் இன்று இருப்பது என்ன? தோட்டம் கைவிட்ட அந்தச் சரிந்த துண்டில் லயத்து மக்கள் லீக்சும் கோவாவும் கரட்டும் பயிரிடுகிறார்கள். ஒரு மாட்டுக்கொட்டில் கட்டியிருக்கிறார்கள். அவ்வருமானம் பிள்ளையின் பள்ளிச் செலவு. அந்நிலம் அவர்களுடையது என்பதற்கு ஒரு தாளும் இல்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் இரு பிரதமர்களின் கையொப்பத்தால் பங்கிடப்பட்டு, 2003இல்தான் எஞ்சியோர் யாவரும் குடிமக்களாக ஏற்கப்பட்ட மக்கள் இவர்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமை ஆக்கியது. 1992இல் நிருவாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. இவ்விரு மாற்றத்திலும் உழைத்தவருக்கு ஒரு துண்டு நிலமும் வரவில்லை.

இந்த மரக்கறிப் பாத்தியை அகற்றி மரம் நடும்படி குழுத்தலைவர் கேட்கலாமா? விஞ்ஞானம் ஆம் என்கிறது. பாத்தியிலிருந்து மண்ணும் உரமும் மருந்தும் நேரே நீரில் இறங்குகின்றன என்பது மெய். சட்டமும் ஆம் என்கிறது. மீனுக்காக வாதாட வாயில்லை என்று இரக்கமும் சொல்கிறது. அப்படியிருந்தும், உடனே அதைக் கேட்பது அநியாயம் என்று நாம் கருதுகிறோம். ஏன் என்பதை ஓடையின் இயல்பைக் கொண்டே விளக்கலாம்.

ஓடை திருத்துவோர் அனுபவத்தால் கண்ட பாடம் ஒன்று உண்டு. வேலையை மேலிருந்து தொடங்க வேண்டும். மேலே சரிவு அரித்துக்கொண்டிருக்கும்போது கீழே மடு தோண்டினால், ஒரு மழையில் அது தூர்ந்துவிடும். பராமரிப்பின்றி உடைந்த கான்கள், வண்டல் தங்கும் குழிகள் இல்லாத சரிவுகள், கவ்வாத்துக்குப் பின் வெறுமையாகக் கிடக்கும் மலைகள், புதிதாக வெட்டிய பாதைகள் ஆகியவற்றை முதலில் கவனித்த பின்னரே கரைக்கு வரவேண்டும். இவை யார் கையில் உள்ளன? தோட்ட நிருவாகத்தின் கையிலும் அரசுத் திணைக்களங்களின் கையிலும் உள்ளன. லயத்து மக்களின் பாத்தி ஓடைக்கு மிக அருகில் இருப்பதால் கண்ணில் படுகிறது. மேலேயுள்ள நூறு ஏக்கர் மலை தொலைவில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படுவதை முதலில் தொடுவது எளிது. எதிர்த்துப் பேச வலுவில்லாதவரை அகற்றுவது அதனினும் எளிது. இரண்டு எளிமையும் சேரும்போது அநீதி நடந்தேறுகிறது, ஓடையும் திருந்துவதில்லை.

ஆகவே வேலையின் வரிசையும் நியாயத்தின் வரிசையும் இங்கே ஒன்றுபடுகின்றன. அதிகத் தீங்கு செய்தவரும், மாற்றிச் செய்யும் ஆற்றல் அதிகம் உள்ளவரும் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும். கம்பெனி தன் கான்களைத் திருத்தி, செங்குத்தான மலைகளைத் தேயிலையிலிருந்து விடுவித்த பின்னர், பாத்திக்கு ஈடாக வேறு நிலம் கையில் கொடுக்கப்பட்ட பின்னர், கரையை விடும்படி தொழிலாளியிடம் கேட்பதில் தவறில்லை. அப்போது அது சக குடிமகனிடம் வைக்கும் வேண்டுகோள் ஆகும். அதற்கு முன் கேட்டால், நெடுங்காலம் பறித்ததோடு இன்னும் ஒன்றைப் பறிப்பதாகும். இடம் காட்டாமல் எழுந்து போ என்பதன் விளைவை மலையகம் நன்கறியும். பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் ஆபத்து உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போய்ச் சேர இடமின்றி இருந்தவர்களின் லயங்கள் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மண்ணில் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலையகத்தின் சரிவுகளை மீண்டும் பிளந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மேலே இருப்பவர் விட்டுக்கொடுக்கும் வரை காத்திருந்தால், அழியும் இனம் அழிந்தே போகுமே. நியாயம் பிறக்கும் நாளில் நண்டு இருக்குமா? இம்மறுப்பை நாம் இலேசாகத் தள்ளவில்லை. காத்திருக்க முடியாத வேலைகள் சில உள்ளன. மலக்கழிவு ஓடையில் கலப்பதைத் தடுப்பது அவற்றுள் ஒன்று. அதனால் முதலில் நோயுறுவது கீழ் லயத்துப் பிள்ளைகளே. அதைக் கேட்க எவரும் தயங்க வேண்டியதில்லை. மருந்து தெளித்த கருவியை ஓடையில் கழுவுவதும் அத்தகையதே. அழியும் இனம் எஞ்சியுள்ள சிற்றோடையை உடனே காப்பதும் தேவை; அதன் செலவைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும். ஆனால் அவசரம் என்ற சொல்லை வறியவர்மேல் மட்டும் பிரயோகிப்பவரை நாம் நம்புவதற்கில்லை. கம்பெனியிடம் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றும், தொழிலாளியிடம் இன்றே என்றும் சொல்லுமானால், அந்த அவசரத்தைப் பிறப்பித்தது மீனின் நிலைமை அன்று.

பிற நாடுகளின் அனுபவமும் இங்கே உதவும். அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆற்றில் விழுந்து கிடந்த பெருமரங்கள் சல்மன் மீனின் வழியைத் தடுப்பதாக எண்ணி, ஐம்பதுகள் முதல் எழுபதுகள் வரை குழுக்களை இறக்கி அவற்றை அகற்றினர். அம்மரங்களே மடுவையும் மறைவிடத்தையும் மீனுக்குத் தந்தன என்று பின்னர் கண்டு, பெரும் பொருள் செலவிட்டு மரங்களை மீண்டும் ஆற்றில் இட்டனர். நிபுணரின் உறுதி ஒரு தலைமுறைக்குள் தலைகீழாகலாம். ஆகையால், நாள்தோறும் அந்த நீரைப் பார்ப்பவரின் கண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டியது அவசியம். அதே கரையில் கிளாமத் ஆறு மற்றொன்றைக் கற்பித்தது. 2002இல் அங்கே பல்லாயிரம் சல்மன்கள் மடிந்து மிதந்தன. யூரொக் முதலான பூர்வகுடி மக்கள் நெடுங்காலம் போராடினர். 2024இல் 4 அணைகள் அகற்றி முடிக்கப்பட்டன. அவ்வாண்டின் இலையுதிர்காலத்திலேயே மீன் மேலேறியது. அங்கே பெரிய தடை முதலில் அகன்றது, இழந்தவர்களே முன்னின்றனர்.

நம் தீவிலும் உதாரணம் இல்லாமல் இல்லை. கேகாலை மாவட்டத்தின் கலப்பிட்டமடைக்கு அருகே, வயல்களுக்கும் இறப்பர்க் காணிகளுக்கும் ஊடாகச் செல்லும் சிற்றோடை ஒன்றில் மட்டுமே வாழ்ந்த மீன் இனம் 1991இல் விஞ்ஞானத்துக்கு அறிமுகமாயிற்று. பந்துல என்னும் பெயர் பெற்ற அந்த மீனை ஊராரை விலக்கிவிட்டுக் காக்க வழியே இருக்கவில்லை. கரைச் செடிகளை மீண்டும் வளர்த்ததும், மீனைக் காவல் செய்ததும் அவர்கள் துணையோடு நடந்தன. ஆனால் அவர்கள் தம் நிலத்தில் நின்று பேசக்கூடியவர்கள் என்பதை மறக்கலாகாது. லயத்து மனிதனுக்கு அந்த நிலை இன்னும் வாய்க்கவில்லை. அதனாலேயே மலையகத்தில் ஓடையைத் திருத்தும் பிரச்சினை காணி உரிமைப் பிரச்சினையிலிருந்து பிரிக்க இயலாததாகிறது.

இப்பணிக்குச் செல்லவிருக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் நாம் சொல்ல விரும்புவது சிலவே. முதல் நாள் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ஓடையின் ஊற்று வரை ஏறிப் பாருங்கள். மண் எங்கிருந்து இறங்குகிறது என்பதைக் குழுவினரையே கேளுங்கள்; எந்தக் கான் எந்த மழையில் உடைந்தது என்று அவர்கள் சொல்வார்கள். கண்டதை எழுதி, அதன் கீழ் அவர்கள் பெயரையும் சேர்த்து, தோட்ட நிருவாகத்திடமும் பிரதேச சபையிடமும் கொடுங்கள். கூலி உறுதியாகாமல் எவரையும் நீரில் இறக்காதீர்கள். பாத்திகளை முதலில் அகற்றுங்கள் என்று பணம் தருபவர் சொன்னால் மறுத்துவிடுங்கள்; மறுத்ததற்கான காரணத்தைக் குழுவின் முன்னிலையிலேயே சொல்லுங்கள். அதனால் பணி ஒரு பருவம் தாமதப்படலாம். அந்தப் பருவத்தில் சில முட்டைகள் மண்ணில் மூச்சடைத்துப் போகவும் கூடும். அந்த இழப்பை நாம் மறைக்கவில்லை. அதற்கு யார் பொறுப்பு என்று கேள்வி எழும்போது, மலையின் உச்சியை நோக்கிக் கை நீட்டும் துணிவு மட்டும் நமக்கு வேண்டும்.